கீற்று வக்கீலின் இரண்டு சதுர மீட்டர்

ப்ரோஷ்பெர் வக்கீலுக்குத் தீவில் அறுபத்தோரு இடத்தில் சொத்து உண்டு. ஓர் இடத்திலும் கைகாலை நீட்டிப் படுக்க முடியாது. தெற்குச் சரிவில் ஓர் ஆலிவ் தோப்பில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு. மரங்களை எண்ணி வகுத்தால் ஒன்றேகால் மரம் தேறும். துறைக்குப் பின்னால் உள்ள கிணற்றில் பன்னிரண்டில் ஒன்று. தண்ணீர் வற்றிய பிறகு கிடைத்தது. வலை காயப்போடும் கொட்டகை ஒன்றில் ஆறில் ஒரு பங்கு. அது கொட்டகையின் கதவாக இருக்கும் என்று அவர் பல காலம் நினைத்துக்கொண்டிருந்தார். போன குளிர்காலத்துத் தென்காற்றில் கதவு பிய்த்துக்கொண்டு கடலுக்குப் போனதும் அந்த நினைப்பும் போயிற்று.

இதில் எதையும் அவர் விலைக்கு வாங்கவில்லை. எல்லாம் ஃபீஸ்.

முப்பது வருஷத்துக்கு முன்பு அக்கரை நகரமான ஸ்பிளிட்டில் சட்டம் படித்து முடித்து, தீவின் ஒரே வக்கீலாகக் கப்பலிலிருந்து இறங்கியபோது அவர் பெட்டியில் இரண்டு சட்டையும் ஒரு மெலிந்த புத்தகமும் இருந்தன. எந்த வேலைக்கு வக்கீல் எவ்வளவு வாங்கலாம் என்று வக்கீல் சங்கம் அச்சடித்த கட்டண அட்டவணை அது. அதில் காசு எழுதியிருக்காது, புள்ளிதான். கடிதம் போட்டால் இத்தனை புள்ளி. பத்திரம் எழுதினால் சொத்து மதிப்பைப் பார்த்து இத்தனை. கட்சிக்காரரோடு பேசினால் அரை மணிக்கு இத்தனை. அரை மணி தொடங்கிவிட்டாலே முடிந்ததாகக் கணக்கு. எதிராளி ஒருவருக்கு மேல் போனால் தலைக்குப் பத்து சதவீதம் கூடுதல். கடைசியில் புள்ளியைக் காசால் பெருக்கிக்கொள்ள வேண்டியது.

அந்தக் கடைசி வரியை எழுதிய பெரிய மனிதர் தீவுப் பக்கம் தலைவைத்துப் படுத்திருக்க மாட்டார். தீவில் நிலத் தகராறு என்றால் எதிராளி ஒற்றையாக வரமாட்டார். அப்பன் செத்தால் நிலம் பிள்ளைகளுக்குப் போகும். பிள்ளைகள் சிலிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போவார்கள். நிலம் மட்டும் யார் பெயரிலும் முழுதாக இல்லாமல் இங்கேயே முறைத்துக்கொண்டு கிடக்கும். ஒரு திராட்சைக் கொல்லைக்குப் பதினான்கு எதிராளிகள் என்பது சாதாரணம். பத்துப் பத்தாகக் கூட்டிக்கொண்டு போனால் வக்கீல் ஃபீஸ் கொல்லையின் விலையைத் தாண்டிவிடும். ப்ரோஷ்பெரின் முதல் கட்சிக்காரர், பாதிரியாரின் தம்பி, பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, கொல்லையிலேயே இருபத்து நான்கில் ஒரு பங்கை எழுதித் தருவதாகச் சொன்னார். ப்ரோஷ்பெருக்கு அப்போது இருபத்தேழு வயது. நிலம் என்று கேட்டதும் நெஞ்சு விம்மியது. சரி என்றார்.

அப்படியே பழகிவிட்டது. காசு இல்லாதவர்கள் கீற்றுக் கீற்றாக எழுதிக் கொடுத்தார்கள். காசு இருந்தவர்களும் கீற்றுத்தான் கொடுத்தார்கள், யாருக்கு வலிக்கப்போகிறது? அவரும் ஒவ்வொன்றுக்கும் முறையாகப் பத்திரம் எழுதி, நோட்டரி முன் கையெழுத்து வாங்கி, உறைக்குள் போட்டு வைத்துவிடுவார். நிலப்பதிவேட்டில் தன் பெயருக்கு மாற்ற மாட்டார். மாற்றினால் வரி, முத்திரைக் கட்டணம், அதோடு மீதிப் பங்காளிகளின் பகை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்த 'பிறகு' அலமாரியில் அறுபத்தோரு உறையாகச் சேர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை இறைச்சிக்கடையில் உலர்ந்த பன்றித் தொடையைக் கண்ணாடி மாதிரி மெலிசாகச் சீவித் தருவார்கள். ஊர் அவருக்கு வைத்த பட்டப்பெயர் அங்கிருந்துதான் வந்தது: கீற்று. கீற்று வக்கீல். முகத்துக்கு நேரே ஒருவரும் சொன்னதில்லை. முகத்துக்கு நேரே "ஷியோர் ப்ரோஷ்பெர்"தான். இந்தக் கரையில் மரியாதைக்குரிய ஆண்பிள்ளைகளை எல்லாம் ஷியோர் என்பார்கள், கடன் கேட்க வருகிறவர்கள் இரண்டு தடவை சொல்வார்கள்.

பட்டப்பெயர் இல்லாமல் இந்த ஊரில் ஒரு வேலையும் நடக்காது. ஆயிரத்து நானூறு பேர். குடும்பப்பெயர் மொத்தம் மூன்று. ஆண்களில் பாதிப் பேர் லூகா அல்லது போர்துல். அதனால் ப்ரோஷ்பெரின் குமாஸ்தா யூர்கா, வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கோப்புகள் மேல் பட்டப்பெயரை எழுத ஆரம்பித்தாள். 'அரை ஆடு', 'தந்தி', 'ஆமை', 'நாளைக்கு'. நீதிமன்றத்துக்குப் போகும் காகிதத்தில் சட்டப்படியான பெயர். அலமாரியில் ஊர்ப் பெயர். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கோப்பு தொலைந்ததில்லை என்பதில் யூர்காவுக்கு ஒரு கர்வம் உண்டு. கர்வப்பட்டபடியே ஓய்வு பெற்றிருப்பாள், பெரினாவின் கூரை மட்டும் ஒழுகாமல் இருந்திருந்தால்.

பெரினா பாலர் பள்ளியில் சமையல்காரி. ப்ரோஷ்பெரோடு ஒரே வகுப்பில் படித்தவள். அவருக்குப் பின் பெஞ்சில் உட்கார்ந்து அவர் கழுத்தில் பேனா மை தடவியவள். கடைத்தெருவில் பார்த்தால் 'நீ, வா, போ' என்பாள். அலுவலகப் படி ஏறிவிட்டால் 'நீங்க'. அங்கே அரை மணிக்குக் காசு ஓடுகிறதல்லவா, காசு கொடுத்துப் பேசும்போது மரியாதையும் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்பது அவள் கணக்கு.

தேவாலயத்துக்குப் பின் சந்தில் அவள் வீடு, கொள்ளுத்தாத்தா கட்டியது. பதிவேட்டில் அதை நாற்பத்தெட்டாகப் பங்குபோட்டிருந்தார்கள். அப்பா வழியில் அவளுக்கு வந்தது இருபது. மீதியைப் பதினைந்து வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தாள்; கோடையில் மாடி அறையை ஜெர்மன்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, தான் சமையலறை பெஞ்சில் படுத்துக்கொண்டு. ஒரு பங்காளியை அழுது சரிக்கட்டினாள், ஒருத்தியை மிரட்டினாள், சிட்னியிலிருந்த ஒருவருக்கு அவருடைய அம்மாவின் பழைய படத்தை அனுப்பினாள். விடுதலைப் பத்திரம் எல்லாம் ப்ரோஷ்பெர்தான் எழுதினார். நாற்பத்தேழு பங்கு கைக்கு வந்துவிட்டது. இன்னும் ஒன்று பாக்கி. பதிவேட்டில் அது 'போர்துல், லூகாவின் மகன்' என்ற பெயரில் இருந்தது.

அந்த ஒன்றுக்காகக் கூரை காத்திருந்தது. பழைய வீடுகளின் கூரைக்கு நகராட்சி பாதிச் செலவைத் தருவதாக அறிவித்திருந்தது: பெரினாவுக்குப் பன்னிரண்டாயிரம் யூரோ. ஆனால் வீட்டின் எல்லா உரிமைக்காரர்களும் ஒரே தாளில் இருக்க வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் கொடுக்க வேண்டும். அதோடு திட்டம் முடிந்தது. அவளிடம் மீதிப் பாதிதான் இருந்தது. இந்தத் தடவை விட்டால், தென்காற்று மழையில் மாடி அறைக்குள் ஜெர்மன்காரர்கள் குடை பிடித்துத் தூங்க வேண்டியதுதான்.

'போர்துல், லூகாவின் மகன்' யார் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. அவள் குடும்பத்தில் ஒரு போர்துல் 1931-ல் சிலிக்குக் கப்பலேறியது எல்லோருக்கும் தெரிந்த கதை. ப்ரோஷ்பெர் அவருடைய வாரிசுகளைத் தேடத் தொடங்கினார். அந்தொஃபகாஸ்தா நகரத்துக்குக் கடிதம்: ஐம்பது புள்ளி. பதில் இல்லை. நினைவூட்டல்: இருபத்தைந்து. தூதரகத்துக்குக் கடிதம். செய்தித்தாளில் அறிவிப்பு. ஸ்பிளிட்டுக்கு மூன்று தடவை கப்பல் பயணம். அலுவலகத்தை விட்டு வெளியே இருந்த ஒவ்வோர் அரை மணியும் புள்ளி, திரும்பும் கப்பலில் தூங்கிய அரை மணிகள் உட்பட. இரண்டு வருஷத்தில் தேடலுக்கு மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது யூரோ ஆயிற்று. பெரினா ஒவ்வொரு பில்லையும் கட்டினாள். கீற்று தருவதாக அவள் ஒருநாளும் சொல்லவில்லை. கீற்றுகளைச் சேர்க்கவே பதினைந்து வருஷம் போட்டவள், ஒன்றை வெட்டியா கொடுப்பாள்? கட்டிய பில்களை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்தாள். சிலசமயம் பில்லோடு ஒரு ஜாடி உப்பிட்ட நெத்திலியும் வரும். நெத்திலியை ப்ரோஷ்பெர் கணக்கில் கழித்ததில்லை. அது அன்புக்கு வந்தது என்று எடுத்துக்கொண்டார்.

மார்ச் இருபதாம் தேதி. பெரினா எதிரே உட்கார்ந்திருந்தாள். இனி நீதிமன்றத்தில் தற்காலிகப் பிரதிநிதி ஒருவரை நியமிக்கச் சொல்லி மனு போடலாம், ஆனால் பதினொரு நாளில் முடியாது என்று ப்ரோஷ்பெர் விளக்கிக்கொண்டிருந்தார். குரலில் துக்கமும் புள்ளியும் சேர்ந்து ஓடியது. அப்போது தபால் வந்தது. யூர்கா ஓர் உறையை நிமிர்த்திப் பார்த்தாள். சிலி நாட்டுத் தபால்தலை. கிழித்தாள், நின்றபடியே படித்தாள், ஒரு தடவை அலமாரியைப் பார்த்தாள், மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

"ஷியோர், இத நீங்க தனியா படிச்சா தேவல," என்றாள்.

"என் காசுல போன கடுதாசிக்கு வந்த பதிலு," என்றாள் பெரினா. "என் முன்னாடியே படி."

யூர்கா படித்தாள். எழுதியவர் அந்தொஃபகாஸ்தாவில் பல் மருத்துவர், போர்துலின் பேரன். தாத்தா தன் பங்கைக் கப்பல் கூலிக்காக 1931-லேயே சொந்தத்துக்குள் விற்றுவிட்டார், பத்திரம் தன்னிடம் இருக்கிறது என்று எழுதியிருந்தார். பதிவேட்டில் இருக்கும் போர்துல் தாத்தாவின் ஒன்றுவிட்ட தம்பி மகன். தீவிலேயே இருந்தவர், அவர் அப்பா பெயரும் லூகாதான். அவரும் மருத்துவரின் அப்பாவும் வருஷாவருஷம் கிறிஸ்துமஸ் கடிதம் எழுதிக்கொள்வார்களாம். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய கடிதத்தில், பக்கத்து வீட்டுக்காரனோடு அத்தி மரத்துக்காக நடந்த வழக்கில் ஜெயித்துவிட்டதாக எழுதியிருந்தாராம். அடுத்த வரிகளை மருத்துவர் அப்படியே பார்த்து எழுதியிருந்தார்: 'வக்கீலுக்குச் சல்லிக்காசு கொடுக்கவில்லை. தேவாலயத்துக்குப் பின் சந்தில், அத்தை வீட்டில் எனக்கிருந்த பங்கைத் தள்ளிவிட்டேன். பன்றித் தொடைக் கீற்று மாதிரி சந்தோஷமாக வாங்கிக்கொண்டான்.'

சுவர்க் கடிகாரத்தில் அரை மணி ஓடிக்கொண்டிருந்தது.

யூர்கா நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறினாள். மேல் தட்டில், 'அரை ஆடு'க்குப் பக்கத்தில், 'ஆமை' இருந்தது. அத்தி மர வழக்கில் ஜெயித்த ஆமை. பதினாலு வருஷம் முன்பு அவர் செத்தபோது துறைமுகப் பலகையில் ஒட்டிய மரண அறிவிப்பில்கூட ஆமை என்றுதான் பெரிதாகப் போட்டிருந்தது. பெயர் கீழே பொடி எழுத்தில். பெரினாவே அவரை 'ஆமை மாமா' என்றுதான் கூப்பிட்டு வளர்ந்தவள். அவருக்கு போர்துல் என்று ஒரு பெயர் இருந்தது என்பது அந்த அறையில் இருந்த மூன்று பேருக்கும் இப்போதுதான் நினைவுக்கு வந்தது. கோப்புக்குள் உறை, உறைக்குள் பத்திரம். நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. பெறுபவர்: ப்ரோஷ்பெர், வழக்கறிஞர்.

அவர் இரண்டு வருஷமாகத் தன்னைத்தான் தேடிக்கொண்டிருந்தார். ஐம்பது ஐம்பது புள்ளியாக.

பெரினா பத்திரத்தை வாங்கி இரண்டு தடவை படித்தாள். எழுந்து, கைப்பையிலிருந்து ஐம்பது யூரோ தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தாள். "இன்னிக்கு அரை மணிக்கு ஆனது," என்றாள். "ரசீது போடு யூர்கா. எதிராளியோட பேசினதுக்குன்னு எழுது."

யூர்கா ப்ரோஷ்பெரின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அப்படியே எழுதினாள்.

அன்று சாயங்காலமே ப்ரோஷ்பெர் தேவாலயத்துக்குப் பின் சந்துக்குப் போனார். வழியெல்லாம் தனக்குள் வாதாடிக்கொண்டு போனார். வேண்டுமென்று செய்ததா? இல்லை. மறந்தது குற்றமா? அறுபத்தோரு கீற்றை யார்தான் நினைவில் வைத்திருப்பார்கள்? எல்லா வாதமும் நன்றாகத்தான் இருந்தது. அவரே நீதிபதியாக இருந்தால் பாதி விடுதலை கொடுத்திருப்பார். பெரினா கதவைத் திறக்கவில்லை, மாடிச் சன்னலைத் திறந்தாள். அந்தப் பங்கை ராத்திரிக்குள் எழுதித் தந்துவிடுவதாக அவர் கீழே நின்று சொன்னார். ஒரு புள்ளிகூட வேண்டாம் என்றார். அலுவலகப் படியில் இல்லாததால் மரியாதைக்கு அவசியம் இருக்கவில்லை.

"நீ எழுதின தாளுல இனிமே மீன் கூட மடிச்சு வைக்க மாட்டேன், ப்ரோஷ்பெரே," என்றாள். "எனக்கு வக்கீல் வச்சாச்சு. நாளைக்குப் பத்து மணிக்கு லியெர்கா ஆபீசுக்கு வா. லேட்டா வந்தா அந்த அரை மணியும் உன் தலையிலதான்."

லியெர்கா எட்டு வருஷம் முன்பு ஊருக்கு வந்த இரண்டாவது வக்கீல். வயது நாற்பதுகூட ஆகவில்லை. துறைக்கு அந்தப் பக்கம் அலுவலகம். எண்ணெய் வாங்க மாட்டாள், மீன் வாங்க மாட்டாள். சங்கத்தின் கட்டண அட்டவணையைக் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தாள், மேசையில் வங்கி அட்டை தேய்க்கிற கருவி. ப்ரோஷ்பெர் அவளைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம், 'அது வக்கீல் ஆபீசா, பெட்ரோல் பங்கா' என்பார்.

மறுநாள் பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் முன்பே அவர் அங்கே இருந்தார். படிக்கட்டு ஏறும்போதே ஒரு விஷயம் உறைத்தது: முப்பது வருஷத்தில் வக்கீல் ஆபீஸ் படிக்கட்டைக் கட்சிக்காரனாக அவர் ஏறியதே இல்லை. ஏறுகிறவனுக்கு முட்டி வலிக்கும், சட்டைக் காலர் இறுக்கும், சொல்ல நினைத்தது பாதி மறந்துபோகும். வணக்கம் சொன்னதும் லியெர்கா கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் ஏதோ குறித்தாள். அவர் தன் கைக்கடிகாரத்தை அதோடு சரிபார்த்துக்கொண்டார். அவர் குறிக்கும்போது எதிரே இருந்தவர்களும் இப்படித்தான் சரிபார்த்திருப்பார்களோ என்று ஒரு யோசனை ஓடியது. அதை அவர் நிற்கவிடவில்லை.

லியெர்கா விஷயத்துக்கு வந்தாள். அவர் இதில் ஒரு கட்சி. அதனால் பெரினாவுக்கு வக்கீலாகவும் இருக்க முடியாது, பத்திரமும் எழுதக் கூடாது. இரண்டு தாள் வேண்டும். ஆமையிடமிருந்து அவருக்கு வந்த பழைய பத்திரம் முதலில் பதிவுக்குப் போகும். அதன் பின்னாலேயே அவரிடமிருந்து பெரினாவுக்குப் போகும் புதிய பத்திரம். பதிவுக்குக் கொடுத்த முத்திரை விழுந்த நகல் போதும், நகராட்சி ஏற்றுக்கொள்ளும். விசாரித்துவிட்டாள்.

தானமாக எழுதிவிடலாம் என்றார் ப்ரோஷ்பெர், கொஞ்சம் பெருந்தன்மையான குரலில்.

"வேணாம்," என்றாள் பெரினா. "தானமா வாங்கினா, சாகிற வரைக்கும் உன்னப் பார்க்கிறப்பல்லாம் நான் சிரிக்கணும். விலைக்கே குடு."

என்ன விலை என்று லியெர்கா கேட்டாள். தொண்ணூற்றாறு சதுர மீட்டர் வீட்டில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு என்றால் இரண்டு சதுர மீட்டர். இன்றைய தீவு விலைக்கு அது ஆறேழாயிரம் யூரோ ஆகும். தொகையைக் கேட்டதும் ப்ரோஷ்பெரின் கண்ணில் ஒரு கணம் பழைய இருபத்தேழு வயசு எட்டிப் பார்த்தது. அதைப் பெரினாவும் பார்த்துவிட்டாள். மடியிலிருந்த பிஸ்கட் டப்பாவைத் திறந்து மேசைமேல் கவிழ்த்தாள். இரண்டு வருஷத்து பில்கள். லியெர்கா அவற்றைத் தேதிவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றையும் வாசித்தாள். கடிதம், போர்துலின் வாரிசுக்கு. நினைவூட்டல், போர்துலின் வாரிசுக்கு. கப்பல் பயணம், போர்துல் தொடர்பாக. தன் எழுத்தையே இன்னொருவர் வாயால் கேட்பது இவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று ப்ரோஷ்பெருக்குத் தெரியாது. நடுவில் ஒரு தடவை, திரும்பும் கப்பலில் தூங்கிவிட்டதாக அவராகவே ஒப்புக்கொண்டார், யாரும் கேட்கவில்லை.

மொத்தம் ஆயிரத்து நூற்று நாற்பது.

"இத எனக்குத் திருப்பித் தரணுமா, வேணாமா?" என்று பெரினா கேட்டாள்.

தர வேண்டும் என்பதை அவர் தலையசைத்து ஒத்துக்கொண்டார். சங்கத்துக்கு ஒரு வரி எழுதிப் போட்டால் அதற்கு மேலும் போகும் என்பது மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் சொல்லவில்லை.

"அப்ப அதுதான் விலை. தேடக் குடுத்த காசுலேயே வாங்கிக்கிறேன். நீ எனக்குத் தர வேணாம், நான் உனக்குத் தர வேணாம்."

ஆறாயிரம் எங்கே, ஆயிரத்து நூற்று நாற்பது எங்கே. ஆனால் ஆமை அதை அவருக்குக் கொடுத்தது ஓர் அத்தி மரத்துக்காக. அந்த மரத்தையும் ஜெயித்த மறு வருஷமே பட்டுப்போனதென்று ஆமை வெட்டி அடுப்பில் வைத்துவிட்டார். ப்ரோஷ்பெர் சரி என்றார்.

பிறகு லியெர்கா தன் ஃபீஸைச் சொன்னாள். இரண்டு பத்திரப் பதிவு, ஓர் ஒப்பந்தம், இரண்டு அரை மணி: முந்நூற்றுப் பத்து யூரோ. யார் தருவது என்று அவள் கேட்கவே இல்லை. கருவியை ப்ரோஷ்பெர் பக்கம் திருப்பி வைத்தாள்.

முப்பது வருஷமாகத் தன் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்கள் சொன்னதையெல்லாம் அவர் வரிசை மாறாமல் சொன்னார். ஒரு பக்கம் எழுதவா இவ்வளவு என்றார். அதிலும் பாதி அச்சடித்து வைத்த வாசகம்தானே என்றார். நோட்டரிக்கு வேறு தனியாகத் தரணுமே என்றார். முதல் அரை மணி முடிய இன்னும் நாலு நிமிஷம் பாக்கி இருந்தபோதே இரண்டாவதைப் போட்டுவிட்டதாகவும் சொன்னார். லியெர்கா பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்க போடுற அதே புள்ளிதான், ஷியோர்," என்றாள். "எதிராளி ஒருத்தர்ங்கிறதால கூடுதல் எதுவும் போடல. சந்தோஷப்படுங்க."

கடைசியாக அவர் குரலைத் தாழ்த்தினார். பழக்கம் யாரை விட்டது.

"தெற்குச் சரிவுல ஒரு தோப்பு இருக்கு. நல்ல மரம். மேல நின்னா கடல் தெரியும்."

லியெர்கா நிமிர்ந்து பார்த்தாள். "எத்தனைல ஒண்ணு?"

பெரினாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது போலிருந்தது; பிஸ்கட் டப்பா மடியிலிருந்து உருண்டு விழுந்தது. ப்ரோஷ்பெர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். கருவி நாணமில்லாமல் இரண்டு தடவை கூவியது.

நோட்டரி முன் கையெழுத்துக்கு இருபத்தைந்தாம் தேதி கிடைத்தது. அதற்கு முதல் நாள் பெரினா அவரைக் கடைத்தெருவில் நிறுத்தி, விற்கும் முன் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டாமா என்று கேட்டு மாடிக்குக் கூட்டிப்போனாள். படிக்கட்டு முடிகிற இடத்தில் இரண்டு சதுர மீட்டர் அளந்து சாக்கட்டியால் கட்டம் போட்டு வைத்திருந்தாள். கட்டத்துக்குள் ஒரு வாளி. வெளியே லேசான தூறல்தான். வாளிக்குள் நிதானமாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"இருவத்திரண்டு வருஷமா இது உன்னோட இடம்," என்றாள். "வாளிய மட்டும் நான் மாத்திக்கிட்டிருந்தேன்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு கீழே போய், சந்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, மறுபடியும் மேலே கொண்டுவந்து கட்டத்துக்குள் வைத்தார். இரண்டு மாடி. அதற்குப் புள்ளி உண்டா என்று பெரினா கேட்டாள். இல்லை என்றார்.

இருபத்தைந்தாம் தேதி கையெழுத்து. இருபத்தேழாம் தேதி பதிவு முத்திரை. இருபத்தெட்டாம் தேதி மத்தியானம் பெரினா ஒரே தாளை நகராட்சி சன்னலில் நீட்டினாள். அதில் அவள் பெயர் மட்டும்தான் இருந்தது, நாற்பத்தெட்டில் நாற்பத்தெட்டு. சன்னலுக்குள் இருந்தவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாளாம். இந்த ஊரில் முழு வீடு ஒன்றை ஒரே ஆள் பெயரில் அவள் பார்த்ததில்லை.

ஊர் பேசாமல் இருக்குமா. திங்கட்கிழமை காலையில் ப்ரோஷ்பெரின் படிக்கட்டில் ஒன்பது பேர் நின்றார்கள். ஒன்பது பேருக்கும் வீட்டிலோ கொல்லையிலோ ஒரு பங்காளியைக் காணோம். சிலியிலும் ஆஸ்திரேலியாவிலும் தேடியாயிற்று, இனி வக்கீல் நாற்காலியில் தேடலாம் என்று வந்திருந்தார்கள். முதலில் நின்ற கிழவர், உள்ளே வருமுன் வாசலிலேயே நின்று, பார்த்துச் சொல்வதற்குக் காசு உண்டா என்று கேட்டுக்கொண்டார். யூர்கா இல்லை என்றாள். முதலாளியைக் கேட்கவில்லை. அன்று அலமாரியிலிருந்து பதினொரு கோப்பு இறங்கிற்று. நாலு பேருக்குப் பங்காளி கிடைத்தார். நாலிலும் ஒரே பங்காளி. நாலு பேரையும் எழுத்து வேலைக்கு லியெர்காவிடம் அனுப்ப வேண்டியிருந்தது. அது ப்ரோஷ்பெருக்கு அட்டை தேய்த்ததைவிட வலித்தது.

மே மாதம் பெரினா வீட்டுக் கூரையில் ஆட்கள் ஏறினார்கள். ப்ரோஷ்பெரின் சன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். பழைய ஓடுகளை இறக்கிச் சந்தில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத்தான் நீதிமன்றத்திலிருந்து பதிவு முடிந்த பத்திரத்தின் நகல் தபாலில் வந்தது. முப்பது வருஷத்தில் அந்த அலுவலகத்திலிருந்து ஒரு கீற்று வெளியே போனது அதுதான் முதல் தடவை. யூர்கா நகலைத் துளையிட்டு, ஒரு புதுக் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு பேனா மூடியைக் கழற்றினாள்.

"என்னன்னு எழுதட்டும்?"

'பெரினா' என்று எழுதச் சொன்னார். பெரினாவுக்குக் கோப்பு இருக்கிறது, இது விற்றவர் கோப்பு என்றாள் யூர்கா. அப்படியானால் 'ஆமை'யில் போடு என்றார். ஆமையும் விற்கவில்லை, ஆமை ஃபீஸாகக் கொடுத்தவர் என்றாள். அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எதிர்க் கூரையில் ஒருவன் ஓடு ஒன்றைக் கீழே நின்றவனுக்கு எறிந்தான்; அவன் பிடித்தான்.

"ஊர்ல என்ன சொல்வாங்களோ அத எழுது," என்றார்.

யூர்காவின் பேனா கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு கோப்பின் முதுகில், மற்ற கோப்புகளுக்கு எழுதுகிற அதே பெரிய எழுத்தில், 'கீற்று' என்று எழுதி, மை காய ஊதி, அகரவரிசைப்படி 'கிணறு'க்கும் 'குருட்டு மணி'க்கும் நடுவில் செருகினாள்.